ஒரே பெயர், வேறு ஒலி: ஆர்.ஐ.ஓ. தட்டுகள் பற்றிய அனுபவப் பகிர்வு

ஊசிமுனை:
ஆர்.ஐ.ஓ. (ராக் இன் ஆப்போசிஷன்) இயக்கத்தின் பிரிட்டிஷ் குழுவான ஹென்றி கவ், முதல் ஆல்பம், 1973, வர்ஜின் கம்பெனி. எல்பியில் கேட்டுப் பழகிய காதோடு, அதே காலுறைப் படம் போட்ட பழைய சிடியை ஓட்டிப் பாருங்கள். 'நிர்வாணா ஃபார் மைஸ்' தொடங்கிய உடனே ஏதோ இடிக்கும். வாசிப்பு அதேதான். ஆனால் சாக்ஸ் நிற்கிற இடம் வேறு, டிரம்ஸின் எடை வேறு. ஆம்ப் பிரச்சினையா, ஸ்பீக்கரை மாற்றிப் போட்டோமா என்று வயரைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றும். வயரில் ஒன்றும் இல்லை. 90களின் தொடக்கத்தில் வந்த அந்த சிடி ரீமிக்ஸ். பல தடங்களையும் எடுத்து வைத்து மறுபடி கலந்திருக்கிறார்கள். அட்டையின் முகப்பைப் பார்த்தால் தெரியாது. கடைசியில் 'பெல்லிகேன்' என்று ஒரு கூடுதல் பாட்டு இருந்தால் அது ரீமிக்ஸ் பதிப்பு. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஆர்இஆர் கம்பெனி மறுபடி வெளியிட்ட சிடியில் பழைய கலவை திரும்பி வந்தது, கூடுதல் பாட்டு போனது. விற்பவர்கள் விளம்பரத்தில் "போனஸ் உண்டு" என்று பெருமையாகப் போடுவதுதான் இதில் வேடிக்கை.

இதே மாதிரி "பெயர் ஒன்று, உள்ளே வேறு" தட்டுகள் யாருக்காவது மாட்டியிருந்தால் எழுதுங்கள்.

தடம்45:
நண்பர் சொன்னது சரி, ஆனால் பாதிதான். போனஸ் இருந்தாலே ரீமிக்ஸ் என்று யாரும் மனப்பாடம் செய்துவிட வேண்டாம். மூன்றாவது ஆல்பமான 'இன் பிரெய்ஸ் ஆஃப் லேர்னிங்'கின் பழைய சிடியில் 'லவர்ஸ் ஆஃப் கோல்ட்' இருக்கும், அதுவும் ரீமிக்ஸ்தான். ஆனால் நடுவில் வந்த 'அன்ரெஸ்ட்' சிடியிலும் 'த க்ளவ்', 'டார்ச்ஃபயர்' என்று இரண்டு கூடுதல் இருக்கிறது. அதில் ஆல்பத்தின் கலவையில் கை வைக்கவில்லை. அந்தச் சிடியை ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். பின்னட்டையில் பொடி எழுத்தில் "ரீமிக்ஸ்டு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரிடம் பின்னட்டைப் படம் கேளுங்கள். முன்னட்டைப் படத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

என்னை உறுத்துவது ஸ்லாப் ஹேப்பி குழு. 1973ல் ஜெர்மனியில், அங்குள்ள ஃபாஸ்ட் என்ற ராக் குழுவினரை வைத்துப் பதிவு செய்தார்கள். கம்பெனி வேண்டாம் என்றது. பெரும்பாலும் அதே பாட்டுகளை வர்ஜினுக்காக மறுபடி முழுசாகப் பதிவு செய்து 1974ல் வெளியிட்டார்கள். முதல் பதிவு 1980ல்தான் ரெகமெண்டட் கம்பெனி வழியாக 'அக்னால்பசாக் நூம்' என்ற பெயரில் வந்தது. அதிலுள்ள 'காசாபிளாங்கா மூன்' பாட்டின் பெயரை ஆங்கிலத்தில் சொல் சொல்லாகத் திருப்பி எழுதினால் அந்தப் பெயர் வரும். இரண்டும் ஒன்றென்று நினைத்து ஒன்றை விட்டவர்கள் நிறைய. அவர்களுடைய பாடகி டாக்மர் க்ராவ்சே அதே வரியை இரண்டிலும் பாடுவதை அடுத்தடுத்துக் கேட்டால், மெருகு ஏற்றியதில் எது போனது என்று தெரிந்துவிடும்.

பசூன்தாசன்:
பெல்ஜியத்தின் யூனிவர்ஸ் ஸீரோ குழுவின் 'ஹெரெசி', 1979. முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 'லா ஃபோல்', இருபத்தைந்து நிமிடம். தொடக்கம் ஏதோ கல்லறைக்குள் மூச்சு விடுவது மாதிரி மெதுவாக வரும். அந்த இடத்தில் சடசடவென்று பொரிகிற தட்டைக் கேட்டது இன்னும் மண்டையில் இருக்கிறது. "நியர் மின்ட்" (கிட்டத்தட்டப் புதுசு) என்று போட்டு விற்றது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கீறல் கிடையாது. ஆனால் ஓட்டினால் பொரிக்கிறது. விற்பவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் போட்டிருக்கிறார். இந்த வகை இசைக்குக் கண் போதாது.

கிராஃபைட்:
பசூன்தாசன் அண்ணே, அது தட்டின் குற்றம் மட்டும் இல்லை. ஒரு பக்கத்தில் பதினெட்டு முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை வெட்டினால் தடத்துக்கு நல்ல இடம் கிடைக்கும். இருபத்தைந்துக்குப் போனால் தடங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் அலையின் அகலத்தைக் குறைக்க வேண்டும், அதாவது ஒட்டுமொத்த ஒலி அளவைக் குறைத்து வெட்டுவார்கள். வீட்டில் நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள், கூடவே மேற்பரப்பு இரைச்சலும் ஏறும். நிலைமின்னால் ஒட்டிய தூசி வேறு.

இன்னொன்று, பாட்டு முடிகிற இடம் தட்டின் உள்வட்டம். 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்கு அரை மீட்டர் தடம் ஓடும். உள்ளே லேபிளை நெருங்கும்போது அது சுமார் 21 சென்டிமீட்டர்தான். அதே அதிர்வெண்ணைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருக்கிறது. கூம்பு ஊசி அங்கே தடுமாறும். நீள்வட்ட ஊசி பரவாயில்லை, மைக்ரோலைன் மாதிரி நுண்முனை இருந்தால் நல்லது. இப்படிப்பட்ட தட்டு வாங்கும்போது "பக்கத்தின் முதல் இரண்டு நிமிடமும் கடைசி இரண்டு நிமிடமும் ஓட்டிப் பதிவு செய்து அனுப்ப முடியுமா" என்று கேட்கலாம். ஒழுங்கான ஆள் அனுப்புவார். இல்லையென்றால் சிடி வாங்குங்கள். மெதுவான தொடக்கத்துக்கு சிடிதான் சரி என்பது என் கட்சி, அடிக்க வராதீர்கள்.

பசூன்தாசன்:
அடிக்க வரவில்லை தம்பி. ஆனால் 'சிடி சரி' என்றால் எந்த சிடி என்றும் சொல்ல வேண்டும். 2010ல் கூனிஃபார்ம் கம்பெனி கொண்டுவந்த 'ஹெரெசி' சிடியும் ரீமிக்ஸ்தான். இந்த இழையின் முதல் பதிவுக்கே திரும்ப வருகிறோம்.

வெண்கலவிளிம்பு:
சிடி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் அச்சான சிடிகளில் ஒரு பகுதி வெண்கல நிறமாக மாறுகிறது. மேலே பூசிய லாக்கர், கூடவே வைத்த தாளின் கந்தகத்தைத் தாங்கவில்லை. உலோகப் படலம் அரிக்கிறது. அரிப்பு விளிம்பில் தொடங்கும். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் கடைசிப் பாட்டில்தான் முதலில் சத்தம் கேட்கும், கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி. நன்றாக இருக்கிறதே என்று முதல் பாட்டை மட்டும் சோதித்துப் பார்த்து வாங்குபவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

சோதனை எளிது. நடு ஓட்டையைச் சுற்றிய கண்ணாடி வளையத்தில் "மேட் இன் யு.கே. பை பிடிஓ" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லேபிள் பக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். டீக்கறை நிறம் ஏறியிருந்தால் வேண்டாம். உங்களிடமே ஒன்று இருந்தால் இன்றைக்கே ரிப் எடுத்துவிடுங்கள், அதாவது கணினியில் நகல். மற்றவர்கள் எடுத்த நகலோடு ஒப்பிடும் ஆக்யூரேட்ரிப் தரவுத்தளத்தோடு பொருந்துகிறதா என்று கடைசிப் பாட்டுக்குப் பாருங்கள். அந்த வளையத்தில் பிடிஓ என்று இருந்தாலே கெட்டுவிட்டது என்றில்லை, நல்லவையும் உண்டு. ஆனால் கெட்டதை மீட்க வழி கிடையாது.

உறைகாவலன்:
ஆர்ட் பேர்ஸ் குழுவை யாரும் சொல்லவில்லையே? 'த வேர்ல்ட் ஆஸ் இட் ஈஸ் டுடே', 1981. பன்னிரண்டு அங்குலத் தட்டு, பார்க்க எல்பிதான், ஆனால் 45 வேகம். பழக்கத்தில் 33ல் வைத்தால் டாக்மர் குரல் ஒரு கிழவரின் சாபம் மாதிரி வரும். இந்தக் குழுவுக்கு அது நம்பும்படியாகவும் இருக்கும்! இணையத்தில் அப்படியே 33ல் எடுத்த ரிப்பைப் போட்டுவைத்திருந்தார்கள், கீழே "என்ன ஒரு இருட்டு" என்று பாராட்டுகள் வேறு. ஆல்பமே அரை மணி நேரத்துக்குள்தான், அதனால்தான் 45ல் வெட்ட முடிந்தது. கிராஃபைட் சொன்ன உள்வட்டப் பிரச்சினையும் அதில் குறைவு.

கூடவே ஒரு தகவல், அலமாரியில் எங்கே வைப்பது என்று தவிப்பவர்களுக்கு. 'ஹோப்ஸ் அண்ட் ஃபியர்ஸ்' (1978) முதலில் ஹென்றி கவ் ஆல்பமாகத்தான் சுவிட்சர்லாந்தின் கிர்ஷ்பெர்கில், சன்ரைஸ் ஸ்டூடியோவில் தொடங்கியது. பாட்டுகள் அதிகம் என்று குழுவுக்குள் ஒத்துப்போகவில்லை. பாட்டுகள் ஆர்ட் பேர்ஸ் பெயரில் தனியாக வந்தன. வாத்திய இசை மட்டும் கொண்ட 'வெஸ்டர்ன் கல்ச்சர்' அதே ஸ்டூடியோவில் பிறகு பதிவானது.

கண்ணாடித்தட்டு:
ஃபாஸ்ட் முதல் ஆல்பம், 1971. தெள்ளத் தெளிந்த தட்டு, தெள்ளத் தெளிந்த உறை, உறையில் எக்ஸ்ரே முஷ்டி. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் தடங்களுக்கு ஊடாக எதிர்ச் சுவர் தெரியும். அந்த ஒரு காட்சிக்காகவே பணத்தைக் கொட்டுகிறார்கள். அங்கேதான் சிக்கல். 1979ல் ரெகமெண்டட் வெளியிட்ட மறுபதிப்பும் தெளிந்த தட்டுதான். "தெளிவாக இருக்கிறது, அதனால் முதல் அச்சு" என்பது கணக்கே இல்லை. லேபிளில் பாலிடோர் இருக்கிறதா என்று பாருங்கள், ரன்-அவுட்டில் (பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றி வரும் வெற்று வளையம்) பொறித்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி டிஸ்காக்ஸ் என்ற தட்டுப் பட்டியல் தளத்தின் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அடுத்த ஆல்பமான 'ஸோ ஃபார்' கருப்பு உறை. உள்ளே பாட்டுக்கு ஒரு படத்தாள் உண்டு. தாள் இல்லாமல் முழு விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

வடிநீர்:
கண்ணாடித்தட்டு சொன்ன தட்டை ஒரு முறை புகை படிந்த மாதிரி பார்த்தேன். தடத்தில் பால் நிறப் படலம். கழுவினாலும் போகாதது. காரணம் பிவிசி வெளியுறை. மென்மையாக்க அதில் சேர்க்கும் வேதிப்பொருள் காலப்போக்கில் கசிந்து வினைலைத் தாக்குகிறது. அதனால் சில விஷயங்கள்.

வெளியுறை பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் வாங்குங்கள். தொட்டால் பிசுபிசுக்கிற, பிளாஸ்டிக் வாடை அடிக்கிற எதையும் தூக்கி எறியுங்கள். உள்ளுறை மாற்றும்போது பழைய அச்சு உள்ளுறையை எறிந்துவிடாதீர்கள், அதைத் தனியாக அட்டைக்குள் வையுங்கள், இந்தக் குழுக்களுக்கு பாட்டு வரிகளும் அரசியல் குறிப்புகளும் அதில்தான். தட்டை நேராக நிறுத்துங்கள், சாய்த்தால் வளையும், படுக்க வைத்து அடுக்கினால் அட்டையில் வட்டத் தழும்பு விழும். நம் கடற்கரை ஊர் ஈரத்தில் பூஞ்சை வரும், சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள்.

கழுவுவதற்கு வடிநீர், அதில் புகைப்பட லேபில் பயன்படுத்தும் வெட்டிங் ஏஜென்ட் சில துளி. குழாய்த் தண்ணீரில் உப்பு தங்கிவிடும், அதுவே புதுச் சடசடப்பு. பிரஷ்ஷைத் தடத்தின் போக்கிலேயே ஓட்டுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். பிறகு வெறும் வடிநீரில் ஒரு அலசல், நிறுத்தி வைத்துக் காற்றில் உலர்த்தல். லேபிளில் தண்ணீர் படவே கூடாது, அதிலும் சிறு குழுக்கள் தாங்களே ஒட்டிய லேபிள் ஊறி வந்துவிடும். ஆல்கஹால் கலப்பவர்கள் அளவோடு கலக்குங்கள், பழைய 78 வேக ஷெல்லாக்கில் துளிகூட வேண்டாம், கரைந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் "தட்டை அட்டைக்கு வெளியே எடுத்து, உள்ளுறையோடு பின்னால் வைத்து அனுப்புங்கள்" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். பயணத்தில் தட்டு குலுங்கி அட்டையின் மேல் விளிம்பைக் கிழிப்பது இதனால் நிற்கும். இருபுறமும் விறைப்பு அட்டை, அதன் நெளிவு வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக. தட்டைவிடப் பெட்டி கொஞ்சம் அகலம், மூலை நசுங்கினாலும் உள்ளே எட்டாது.

ஊசிமுனை:
வடிநீர் சார், கேட்டது அனுபவம்... சரி, பத்திரப்படுத்திக்கொள்கிறேன்.

பட்டியல்வேட்டை:
தேடுவது பற்றி யாரும் பேசவில்லை. நர்ஸ் வித் வூண்ட் என்ற பிரிட்டிஷ் குழு தங்கள் முதல் ஆல்பத்தோடு (1979) மற்ற குழுக்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்தார்கள், அடுத்ததில் அது இன்னும் நீண்டது. அதை அச்செடுத்து டிக் அடித்துக்கொண்டு போனால் போதும், வேறு வழிகாட்டி வேண்டாம்.

தடம்45:
மறுக்கிறேன். அந்தப் பட்டியலில் குழுவின் பெயர் மட்டும்தான், எந்த ஆல்பம் என்று கிடையாது. ஒரு குழுவுக்கு ஏழு ஆல்பம் இருந்து, அதில் ஒன்றுதான் பட்டியலுக்குரியது என்றால் என்ன செய்வீர்கள்? பட்டியலில் இருக்கிறது என்பதாலேயே விலையும் ஏறிக் கிடக்கிறது.

பின்னட்டையில் யார் வாசித்தார்கள் என்று படியுங்கள். உதாரணம் ஹென்றி கவ் கிதார்காரர் ஃப்ரெட் ஃப்ரித்தின் 'கிராவிட்டி' (1980). ஒரு பக்கம் ஸ்வீடனின் சாம்லா குழு ஆட்கள், மறுபக்கம் அமெரிக்காவின் மஃபின்ஸ் குழு. ஒரே தட்டிலிருந்து இரண்டு நாட்டுக்குக் கதவு. மஃபின்ஸ் வழியாக ரேண்டம் ரேடார் கம்பெனி, அங்கிருந்து மேரிலாந்தின் கூனிஃபார்ம். இன்னொன்று, பெல்ஜியத்தின் அக்சாக் மபூல் குழுவின் இரண்டாவது ஆல்பம், அதுவும் 1980. ஃப்ரித், ஹென்றி கவ் டிரம்மர் கட்லர் இருக்கிறார்கள், பசூன் வாசிப்பது யூனிவர்ஸ் ஸீரோவின் மிஷெல் பெர்க்மன்ஸ். பதிவான இடம் உறைகாவலன் சொன்ன அதே கிர்ஷ்பெர்க். ஸ்டூடியோ பெயரைப் பிடித்தால் ஒலியையே பிடித்த மாதிரி.

பட்டியல்வேட்டை:
பின்னட்டை படிக்கத் தட்டு கையில் இருக்க வேண்டுமே. முதல் தட்டுக்கு யார் வழிகாட்டுவது?

தடம்45:
1978 மார்ச் 12, லண்டனில் நடந்த ராக் இன் ஆப்போசிஷன் கச்சேரியில் வாசித்த ஐந்து குழு. ஹென்றி கவ், ஸ்டார்மி ஸிக்ஸ், சாம்லா, யூனிவர்ஸ் ஸீரோ, எத்ரோன் ஃபூ. ஐந்து நாடு. ஆளுக்கு ஒன்று கேளுங்கள், பிடித்ததன் பின்னட்டையிலிருந்து கிளம்புங்கள். பின்னட்டை படிக்க வாங்க வேண்டியதில்லை, டிஸ்காக்ஸ் படங்களைப் பெரிதாக்கினால் போதும்.

பசூன்தாசன்:
இந்த ஐந்தோடு பிறகு சேர்ந்த பிரெஞ்சுக் குழு ஆர்ட் ஸாய்ட் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: 'நகரங்கள் எரியும் நாளுக்கான சிம்பொனி' என்று பொருள்படும் தலைப்புள்ள அவர்களுடைய ஆல்பம் 1976ல் ஒரு முறை வந்தது, 1981ல் முழுவதும் புதிதாக வாசித்து மறுபடி வந்தது. ரீமிக்ஸ் இல்லை, வேறு வாசிப்பே. விளம்பரத்தில் வருடம் போடாமல் தலைப்பை மட்டும் போட்டிருந்தால் லேபிளைப் படம் கேளுங்கள். அதெம் என்ற கம்பெனிப் பெயர் இருந்தால் இரண்டாவது.