அம்மாவோடு பாரிஸ் போகிறோம், யாராவது வழி சொல்லுங்க

வணக்கம், புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அக்டோபரில் அம்மாவை அழைத்துக்கொண்டு பாரிஸ் போகிறோம். சித்தி வீடு பாரிஸ் புறநகரான சார்செல் பக்கம், அதனால் தங்கக் கவலையில்லை, ஆனால் அவங்க வேலைக்குப் போய்விட்டால் ஊர் சுற்றுவது எங்கள் பாடுதான்.

அம்மாவுக்கு மூட்டு வலி. மெட்ரோவில் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, 14ஆம் தடம்தான் பரவாயில்லை என்கிறார்கள். அப்படியானால் பேருந்திலேயே சமாளித்துவிடலாமா? லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு செவ்வாய், ஓர்சே அருங்காட்சியகத்துக்கு திங்கள் விடுமுறை என்பதுவரை பார்த்துவிட்டேன். மெட்ரோ, பேருந்து, ரயிலுக்கான வார நவிகோ பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், நாங்கள் இறங்குவதோ வியாழன், அதை அன்றைக்கே வாங்கினால் நஷ்டம்தானே?

அம்மாவுக்கு ஈஃபிள் கோபுரமெல்லாம் அப்புறம்தான், முதலில் பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் இருக்கும் மாணிக்க விநாயகர் கோயிலுக்குப் போகணுமாம் (இங்கே மணக்குள விநாயகர் பக்கத்திலேயே இருக்கிறார், சொன்னால் கேட்கவா போகிறார்!). சார்செலிலிருந்து ஆர்.இ.ஆர். டி புறநகர் ரயில் பிடித்து கார் து நோர் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து கோயில்வரை அம்மாவால் நடக்க முடியுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்க.

அங்கே ஸ்வெட்டர் போதுமா, கோட் வாங்கணுமா என்பதையும்.