புதுப்பிப்பு (ஏப்ரல் 2023): ஆர்சனல் மூன்றாவது முறையும் நழுவவிட்டது

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில், லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் ஆர்சனல் 2-0 என முன்னிலை பெற்றும் ஆட்டம் டிராவானதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். அடுத்து வெஸ்ட் ஹாமிடமும் அதே 2-0 கைநழுவியது. ஆர்சனலின் சாகா பெனால்ட்டியை வெளியே அடித்தார். நேற்று நள்ளிரவு 12.30-க்கு, செல்லூர் வீட்டு மொட்டைமாடியில் கைப்பேசியைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து நிமிர்வதற்குள், பட்டியலின் கடைசியில் கிடக்கும் சவுத்தாம்ப்டன், எங்கள் கோல்கீப்பர் ராம்ஸ்டேலின் தவறான பாஸைப் பயன்படுத்தி முதல் நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. 88-ஆவது நிமிடம் வரை 1-3; கடைசியில் 3-3.

முதுகுக் காயத்தால் தற்காப்பு வீரர் சலிபா விலகிய மார்ச் முதலே தற்காப்பு ஆட்டங்கண்டுவிட்டது என்பது என் எண்ணம். 75 புள்ளிகளுடன் இன்னும் முதலிடம்தான். ஆனால் 5 புள்ளி பின்தங்கியுள்ள மான்செஸ்டர் சிட்டிக்கு நம்மைவிட இரண்டு ஆட்டங்கள் கூடுதலாக மீதம் உள்ளன. ஏப்ரல் 26 அன்று அவர்கள் மைதானத்திலேயே மோத வேண்டும். அதிலும் தோற்றால், 2004-க்குப் பிறகு எட்டாத லீக் கோப்பையை இந்த ஆண்டும் மறந்துவிட வேண்டியதுதான்.