நடிப்புக்காகப் பார்க்கிற குற்றத் தொடர் ஒண்ணு சொல்லுங்க (குன்னூர்)

வணக்கம் மக்களே. ஒரு சீசன்ல, 8 எபிசோடுக்குள்ள முடியிற குற்றத் தொடர் வேணும். கதையை விட நடிப்பு முக்கியம்.

ரசனை புரியறதுக்குச் சொல்றேன்: ‘சுழல்’ (2022) முதல் சீசன்ல பார்த்திபன் பிரமாதம். யூனியன் தலைவரோட மிடுக்கும், காணாமப் போன மகளைத் தேடுற அப்பாவோட பதற்றமும் ஒரே முகத்துல மாறி மாறி வருது. ‘வதந்தி’யில எஸ்.ஜே.சூர்யா அடக்கி வாசிச்சிருக்கார், ஆனா கொலையான பொண்ணு வெலோனியைப் பத்தி ஆளுக்கொரு கதை சொல்ல ஆரம்பிச்சதும் நடுவுல இழுவை.

டப்பிங் வேண்டவே வேண்டாம். விசாரணைக் காட்சியில பதிலுக்கு முன்னாடி வர்ற தயக்கம்தான் நடிப்பே. உதட்டசைவுக்கு ஒட்டணும்னு அந்த இடைவெளியில ஏதாவது வார்த்தையைத் திணிச்சிடுறாங்க. சப்டைட்டில் போதும். ‘பிராட்சர்ச்’, ‘மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்’ பார்த்தாச்சு. ‘மேர்’ல நடிச்ச கேட் வின்ஸ்லெட் அளவுக்கு சோர்வை உடம்புலயே காட்டுற ஆள் இருந்தா உடனே சொல்லுங்க.

மூடுபனியைக் காட்டியே பயமுறுத்துற தொடர் வேணாம், அது இங்க ஜன்னலைத் திறந்தாலே ஓசி. எந்த ஓடிடி, டவுன்லோடு ஆகுமான்னும் சேர்த்துப் போடுங்க. மழை வந்தா நெட் அவுட். கொலையாளி யார்னு மட்டும் உளறிடாதீங்க சாமி!