பொருள்: ரேடான் குழாய்க்கு ஒரு பெயர், வியாழனுக்குள்

சுகந்தி (ஸ்கார்பரோ, கனடா), திங்கள்:

வணக்கம். பேஸ்மென்ற்றில் (வீட்டின் நிலத்துக்குக் கீழுள்ள தளத்தில்) வாடகைக்கு இருக்கும் நம் ஆட்களுக்காக ரேடான் பற்றி இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வியாழன் அச்சுக்குப் போகிறது. யுரேனியம் சிதைந்து சிதைந்து மண்ணிலிருந்து கிளம்பும் கதிர்வீசும் வாயு, நிறமில்லை, மணமில்லை, புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது வரை சிக்கலில்லை. நின்றுபோன இடம் ‘சப்-ஸ்லாப் டீப்ரெஷரைசேஷன்’. கொங்கிறீற் தரையில் துளை போட்டுக் குழாய் இறக்கி, விசிறி பூட்டி, அடிமண்ணில் உள்ள காற்றை வெளியே தள்ளும் ஏற்பாடு. ‘தளத்தடி அழுத்தக் குறைப்பு’ என்று எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “பிறஷர் குளிசை மாதிரிக் கிடக்கு” என்கிறார், இரத்த அழுத்த மாத்திரையைச் சொல்கிறார்.

இராமலிங்கம் (தஞ்சாவூர்), திங்கள்:

அம்மா, முதலில் ‘ரேடான்’. ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. ‘இரேடான்’ என்றாவது எழுதலாம். ‘வாயு’ எதற்கு? ‘வளிவழங்கும் மல்லன்மா ஞாலம்’ என்று வள்ளுவரே சொல் கொடுத்திருக்கிறார். அதனால் இது ‘கதிர்வளி’. உங்கள் குழாய் ‘கதிர்வளி வாங்கி’. வாங்குதல் என்றால் வளைத்தல், இழுத்தல். வில்லை வாங்கினான் என்பது பழைய வழக்கு. கடல் உள்வாங்கியது என்று இன்றைக்கும் சொல்கிறோம். கையில் அணியும் வங்கியும் வளைந்திருப்பதால் வந்த பெயரே. காசு கொடுத்து வாங்குவதெல்லாம் பின்னால் வந்த பொருள்.

மாலதி (சென்னை), செவ்வாய்:

ஐயா, அதே வள்ளுவர்தான் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று வாதத்தையும் வளி என்றார். ‘வளியால் வரும் நோய்’ என்று படித்தால் முட்டிக்குத் தைலம் தேடுவார்கள். தவிர, நுரையீரல் நோய் பற்றிய அறிக்கையில் ஒரு கருவி ‘வாங்கினால்’ மூச்சு வாங்குவதுதான் நினைவுக்கு வரும்.

கதிர்வளி பொதுப்பெயர் என்பது இன்னொரு சிக்கல். தோரானும் கதிர்வீசும் வளிதானே? மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கும் தோரியத்திலிருந்து வருவது அது. ரேடான் பாதியாகக் குறைய 3.8 நாள் ஆகும், தோரானுக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். மண்ணிலிருந்து வீட்டுக்குள் வந்து சேர ரேடானுக்கு அவகாசம் கிடைக்கிறது, வம்பே அதனால்தான். பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். தனிமத்தின் பெயரை அப்படியே விட்டுவிடுங்கள்.

சுகந்தி, எங்கேயாவது ‘ரேடான் நீக்கம்’ என்று எழுதியிருந்தால் ‘குறைப்பு’ என்று மாற்றிவிடுங்கள். வெளிக்காற்றிலும் கொஞ்சம் ரேடான் உண்டு, முழுசாக நீங்காது.

இராமலிங்கம், செவ்வாய்:

‘வாயு’ என்றால் மட்டும் மக்கள் பெருங்காயம் தேட மாட்டார்களா?

குகன் (பிராம்ப்டன்), செவ்வாய் இரவு:

எங்கள் வீட்டில் இந்தக் குழாய் இருக்கிறது. குளிர்காலத்தில் 3 மாதம் சோதனைக் கருவி வைத்துப் பார்த்தோம். கன மீட்டருக்கு 410 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வந்தது. கனடாவின் வழிகாட்டி அளவு 200, உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் 100 என்கிறது. தரை வெடிப்புகளை மட்டும் பூசிப் பார்த்தேன், பெரிதாகக் குறையவில்லை. குழாய் பூட்டிய பிறகு 45.

பூட்ட வந்தவர் விளக்கியது இது. குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டுக்காற்று மேலேறி வெளியே போகும். அதனால் கீழே அழுத்தம் குறைந்து, வீடே ஒரு பம்ப் மாதிரி மண்ணின் காற்றை இழுக்கும். வீடு இழுப்பதற்கு முன்னால் குழாய் இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அழுத்தத்தை விடுங்கள், ‘அடித்தள உறிஞ்சுகுழாய்’ என்று போடுங்கள்.

மாலதி, புதன்:

உறிஞ்சுகுழாய் இளநீருக்குப் போடுவது. ‘மண்காற்று உறிஞ்சி’?

இராமலிங்கம், புதன்:

மண்காற்று என்றால் எங்கள் ஊரில் ஆடி மாதப் புழுதி. அடித்தளம் என்பது அத்திவாரம். குகன் சொல்வது ‘நிலவறை’.

குகன், புதன்:

ஐயா, நிலவறை என்றால் 2011இல் திருவனந்தபுரம் கோயிலில் திறந்தார்களே, அதுதான் ஞாபகம் வருகிறது. எங்கள் நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் இரண்டு அரிசி மூட்டையும்தான்.

சுகந்தி, புதன் நள்ளிரவு:

எல்லோருக்கும் நன்றி. காலையில் கோப்பை அனுப்ப வேண்டும், முடிவெடுத்துவிட்டேன். ரேடான் ரேடானாகவே இருக்கிறது (வீட்டில் எழுதினால் ‘றேடன்’ என்றுதான் எழுதுவேன், ஐயா மன்னிக்க வேண்டும்). பேஸ்மென்ற் ‘நிலக்கீழ் வீடு’. குழாய்க்கு மாலதி அக்காவும் குகன் அண்ணாவும் சொன்னதைக் கலந்து, ‘தளத்தடிக் காற்றை உறிஞ்சும் குழாய்’. நீளம்தான். அம்மா இந்த முறை பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “உந்தக் குழாயை வீட்டுக்காரன் பூட்டுவானோ, நாங்கள் பூட்ட வேணுமோ?” என்று மட்டும் கேட்டார். அதற்கும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும், இங்கிலீஷ் மூலத்தில் அது இல்லை.

இராமலிங்கம், வியாழன்:

‘உறிஞ்சும் குழாய்’ வருணனை, பெயரன்று. அவசரத்துக்குப் போட்டது என்ற அளவில் ஏற்கிறேன். ‘வாங்கி’யை நான் திரும்பப் பெறவில்லை. ‘வாங்கல்’, ‘வங்கம்’ இரண்டுக்கும் உள்ள உறவு பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.