ஓநாய்க் கடி, மாடன் இறங்குதது: சேவ் தோத்தா போதுமா, ஆட்டக்காரர்கிட்ட கேக்கணுமா?

கொக்கிரகுளம்_டைஸ்:
அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில அஞ்சு பேர் வச்சு டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு டைஸ் உருட்டி ஆடுத கதை ஆட்டம்) ஓடுது, கதையை நடத்துத டிஎம் நான்தான். 2014 விதி, எல்லாருக்கும் 3ஆம் லெவல், கதை பொதிகை அடிவாரத்துல. அடுத்து வாரதுல ஓநாய்மனுசன் கடி, பாலிமார்ஃப் (ஆளை மிருகமாக்குத மந்திரம்) போடுத சூனியக்காரி, கொடையில ஒரு கேரக்டர் மேல சுடலைமாடன் இறங்குதது, மூணும் இருக்கு. சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டுத டைஸ், சுருக்கமா சேவ்) தோத்தா ஆகட்டும்னு விட்டுரலாமா? முன்னாடியே கேட்டா திருப்பம் போயிருமே.

பொதிகை_டிஎம்:
கேரக்டர் எதிர்த்து நின்னுச்சாங்கதுக்குத்தான்வே சேவ். ஆட்டக்காரனுக்கு இது சரிதானாங்கது அதுல தெரியாது. கேளும். "உன்னை ஓநாய் கடிக்கப்போகுது"ன்னு சொல்லணும்னு இல்ல. ஒவ்வொருத்தருக்கும் தனியா வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் அனுப்பும்: மிருகமாகுதது, ஆண் பெண் மாறுதது, வயசு கூடுதது குறையுதது, கை கால் போறது, கேரக்டர் டிஎம் கைக்குப் போறது, சாமியோ பேயோ இறங்குதது. ஒவ்வொண்ணுக்கும் "சரி", "கேட்டுட்டு", "வேண்டாம்". பக்கத்துலயே எவ்வளவு நேரம்னும் கேளும். ஒரு சண்டைக்குத் தவளையா இருக்கேன்னு சொல்லுதவன், மூணு செஷன் ஓநாயா இருக்கச் சம்மதிக்க மாட்டான். "வேண்டாம்" வந்ததை மட்டும் பேர் போடாம குரூப்ல போடும். காரணம் கேக்காதயும்.

மான்டி குக் கேம்ஸ் கம்பெனி 2019ல இலவசமா விட்ட பிடிஎஃப்ல பச்சை மஞ்சள் சிவப்புப் பட்டியல் ஒண்ணு உண்டு. நல்லதுதான், ஆனா கொடையும் மாடனும் அதுல ஏது? நாமதான் எழுதிக்கிடணும்.

வண்ணார்பேட்டை_விஸார்ட்:
விதியில ரெண்டு இடம் இடிக்கும்.

ஓநாய் கடிக்கு டிசி 12 (மொத்தம் 12 வரணும்) கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ், தோத்தா ஓநாயாகுத சாபம் ஒட்டும். தீர்க்க ரிமூவ் கர்ஸ் (சாபம் நீக்குதது) வேணும், அது 3ஆம் நிலை மந்திரம். கிளெரிக்கோ (பூசாரி) விஸார்டோ (மந்திரவாதி) 5ஆம் லெவல் தொடாம கைக்கு வராது, உங்க பார்ட்டி 3ல நிக்கி. அதோட, சாபத்தை ஏத்துக்கிட்டு அலைன்மென்ட் (நல்லவனா கெட்டவனாங்கது) மாறுனா கேரக்டரை டிஎம் எடுத்துக்கிடலாம்னு புஸ்தகமே சொல்லுது. அடிவாரத்துல தீர்க்கத் தெரிஞ்ச ஒரு வைத்தியரை முதல்லயே வச்சிருங்க. "வேண்டாம்"னவனுக்குக் கடி பட்டா சாபத்துக்குப் பதிலா ஒரு எக்ஸாஸ்ஷன் (களைப்பு) லெவல் கொடுங்க, கடியோட பயம் அப்பவும் நிக்கும்.

பாலிமார்ஃபுக்கு விஸ்டம் சேவ், கான்சன்ட்ரேஷன் (போட்டவ கவனம் சிதறுனா மந்திரம் கலையும்), ஒரு மணி நேரம் வரை. தவளையான ஆளுக்குப் பேச்சும் கிடையாது மந்திரமும் கிடையாது, சண்டை முடியும்வரை சும்மா உக்காரணும். பலருக்குக் கோபமே அங்கதான் வரும். தவளைக்கு 1 எச்பி (உயிர்ப் புள்ளி), கூட்டாளி ஒரு குத்துக் குத்துனா பழைய உருவம் வந்துரும். மிச்ச டேமேஜ் அசல் உடம்புக்குப் போகும்: ஸ்ட்ரென்த் 16 உள்ளவன் வெறுங்கையால 4, அதுல 3 மிஞ்சும். கோடாலிக்காரனைக் கூப்பிடாதீங்க. பாலிமார்ஃபுக்குப் பதிலா பேனிஷ்மென்ட் (ஆளை வேற உலகத்துக்கு அனுப்புத மந்திரம்) போடலாம்பாங்க. அதுவும் 4ஆம் நிலைதான், ஆனா அந்த ஆளு மேசையில ஒண்ணுமில்லாம உக்காருததும் அதே கதைதான்.

மகுடம்_ரோல்:
மாடனைப் பத்தி யாரும் பேசலியே. வீட்டுல சாமியாடி உள்ளவங்களுக்குச் சல்லடம் (சாமியாடி கால்சட்டை), குல்லா, வல்லயம் (ஈட்டி) எல்லாம் வேசம் கிடையாது. குலதெய்வத்துப் பேரை எடுத்துட்டு நீங்களே ஒரு பேர் வைங்க, பாதிச் சங்கடம் தீரும். அருள்வாக்கை டிஎம் பேசாதீங்க. என்ன தெரியணும்னு ஒரு வரி எழுதி நீட்டுங்க, அந்த ஆட்டக்காரரே அவர் வாயால சொல்லட்டும். "கேட்டுட்டு"ன்னு போட்டவருக்குத் திரை போடுங்க: கணியான் அடிக்குத மகுடம் (தோல் மேளம்) உச்சத்துக்கு ஏறுதவரை விவரிச்சு, அங்கனயே வெட்டி, விடியக்காலம் நெத்தியில திருநீறோட எந்திரிக்கதுல தொடங்குங்க.

கொக்கிரகுளம்_டைஸ்:
மேசையில எக்ஸ் கார்டு (தொட்டா அந்தக் காட்சியை நிறுத்துத அட்டை) உண்டு. அது போதாதாக்கும்?

பொதிகை_டிஎம்:
வச்சிரும். ஆனா மூத்தவர் டிஎம்மா இருந்தா சின்னப் பயலுவ அட்டையைத் தொட மாட்டானுவ. உருட்டுததுக்கு முன்னாடி நீரே நிறுத்தி "இது தோத்தா உருவம் மாறும், உருட்டலாமா, வேற விளைவு வைக்கவா"ன்னு கேளும். உருட்டுனதுக்கு அப்புறம் கேட்டா டைஸுக்குப் பயந்து பின்வாங்குனான்னு மத்தவங்க கேலி பண்ணுவாங்க.

கொக்கிரகுளம்_டைஸ்:
பட்டியல் இன்னைக்கே போகுது. வைத்தியரைப் பாபநாசத்துக்கு மேல, காரையாறு பக்கம் உக்கார வச்சிட்டேன்.