தேய்மானம் யார் கணக்கில்?

நொய்யல்வாசி (திருப்பூர்)
ஆறு வாரத்துக்கு முன்பு கோயமுத்தூரில் ஒரு பழைய கார் ஷோரூமில் 2018 மாடல் வண்டி எடுத்தேன். ஏழு கியர், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் (கிளட்ச் இரண்டையும் வண்டியே இயக்கிக்கொள்ளும்). ஓடியது 61,000 கிலோமீட்டர், விலை 6,40,000. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாத வாரண்டி.

போன ஞாயிறு ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினோம். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், எதிரே வந்த பஸ் திரும்பட்டும் என்று நின்றேன். மறுபடி எடுத்தபோது குளிர்காய்ச்சல் வந்தவன் போல வண்டி நடுங்கியது. மீட்டரில் பல்சக்கரப் படம் மஞ்சளாக எரிந்தது. அரைமணி நேரம் ஆறவிட்டு, குழந்தைகளைச் சமாதானப்படுத்தி, கீழே திரும்பிவிட்டோம்.

ஷோரூமில் கேட்டால், "கிளட்ச் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது" என்கிறார்கள். மாற்ற 90,000 ஆகுமாம். வாரண்டி அட்டையின் முன்பக்கம் பெரிதாக 'கியர்பாக்ஸ்', பின்பக்கம் பொடி எழுத்தில் 'தேய்மானப் பாகங்கள் நீங்கலாக'. கிளட்ச் பெடலே இல்லாத வண்டியில் கிளட்சைத் தேய்த்தது நான் என்றால் எப்படிங்க?

ஈரோட்டுப் பழசு
தம்பி, 22 வருசமா பழைய வண்டி வாங்கி விக்கறேன். ஷோரூம்காரன் சொல்றது சரிதான். கிளட்ச், பிரேக் பேடு, டயர் எல்லாம் தேயத்தான் செய்யும்.

ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஏத்தத்துல பிரேக்கை மிதிச்சு நின்னீங்களா, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமா மிதிச்சு நிறுத்தி வெச்சீங்களா? முக்கால்வாசிப் பேர் ரெண்டாவதுதான். உங்க வண்டியில இருக்கற மாதிரி உலர் கிளட்ச்னா ஆயிலில் குளிராது, அரைப்பிடியில் உரசி உரசி வெந்துபோகும். பெடல் இல்லைன்னா கிளட்ச் இல்லைன்னு ஆயிடுமா?

நொய்யல்வாசி
பிரேக்தான் அண்ணா. சத்தியமாக.

பீளமேடு பெட்டி
இந்த கியர்பாக்ஸ் எனக்குத் தினசரி வேலை. ரிவர்ஸ் எடுக்கும்போது நடுங்குகிறதா? இந்த ரகத்தில் 1, 3, 5, 7 ஒரு கிளட்ச். 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொன்று. முதல் கியரில் மட்டும் உதறினால் ஒற்றைப்படை கிளட்ச்தான் போயிருக்கிறது. ஒரே மலைப்பயணத்தில் இப்படி ஆவது அபூர்வம், பல மாதம் நகரநெரிசலில் ஊர்ந்த வண்டியின் அடையாளம் அது.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டினால், 'கோடு (பதிவான பழுதுக் குறியீடு) அழித்தபின் ஓடிய தூரம்' என்று ஒரு எண் வரும். அதைப் பாருங்கள்.

நொய்யல்வாசி
பார்த்தாயிற்று. ரிவர்ஸ் வழவழப்பாகப் போகிறது. அந்த எண் 1,204. டெலிவரி எடுத்ததிலிருந்து நான் ஓட்டியது 1,180. அப்படியானால் என் கைக்கு வர 24 கிலோமீட்டருக்கு முன்னால் எதையோ அழித்திருக்கிறார்கள்!

ஈரோட்டுப் பழசு
அழிச்சாங்கன்னு யார் சொன்னது? யார்டில் மாசக்கணக்கா நிக்கற வண்டிக்கு பேட்டரி மாத்துவோம். பேட்டரி வயரைக் கழட்டினாலே பல வண்டியில் அந்த எண் சைபருக்கு வந்துடும். அதுவும் அது எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்ற கணக்கு, கியர்பாக்ஸ் சொல்றதில்லை.

பீளமேடு பெட்டி
அண்ணன் சொல்வது நியாயம். சந்தேகத்துக்கு அது போதும், சாட்சிக்குப் போதாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆர்சியைக் காட்டி, பழைய ஜாப் கார்டு, அதாவது சர்வீஸுக்கு வந்தபோது எழுதிய வேலைச் சீட்டு, கேளுங்கள்.

கோபி வக்கீலம்மா
எல்லாரும் அட்டையையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அட்டை என்ன தருகிறது என்பது ஒரு கேள்வி. விற்கும்போது எதை மறைத்தார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு வாரண்டியே தேவையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போதும். நீங்கள் குடியிருக்கும் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் போகும் வரை கிளட்சைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். பிரித்தால் சாட்சி போச்சு.

நொய்யல்வாசி
ஜாப் கார்டு கிடைத்தது அக்கா! நான் வாங்குவதற்கு நாலு மாதம் முன்பு: "புறப்படும்போது நடுக்கம். கிளட்ச் மாற்றப் பரிந்துரை. வாடிக்கையாளர் வேண்டாம் என்றார்."

ஈரோட்டுப் பழசு
பழைய ஓனர் மறைச்சிருப்பான். ஷோரூம்காரனுக்குத் தெரியணும்னு கட்டாயமா? எங்க தலையிலும் இப்படி எத்தனை கட்டியிருக்காங்க தெரியுமா?

கோபி வக்கீலம்மா
நாலு மாதத்துக்கு முந்தைய ஜாப் கார்டைக்கூடப் பார்க்காமல் 'முழுசா சோதித்த வண்டி' என்று விற்றிருந்தால் அதுவே சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். ஆமாம் தம்பி, பில் யார் பேரில்?

நொய்யல்வாசி
என் நிட்டிங் யூனிட் பேரில். வருமான வரிக் கணக்கில் வருசா வருசம் தேய்மானம் கழிக்கலாம் என்று ஆடிட்டர் சொன்னார்.

ஈரோட்டுப் பழசு
அட சாமி! நீங்க மட்டும் தேய்மானம் எழுதலாம், ஷோரூம்காரன் எழுதக்கூடாதா?

கோபி வக்கீலம்மா
சிரித்துவிட்டேன். ஆனால் விஷயம் சிக்கல்தான். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரைச் சட்டம் நுகர்வோர் என்று கொள்ளாது. கம்பெனி பேரில் இருந்தாலும் முக்கியமாக வீட்டு உபயோகத்துக்கு என்று காட்ட முடிந்தால் வழி உண்டு. எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபணையாக இதைத்தான் எடுக்கும்.

ஈரோட்டுப் பழசு
அதுக்குத்தான் சொல்றேன், கோர்ட்டுப் படி ஏறாதீங்க. ஜாப் கார்டைக் காட்டி, பார்ட்ஸ் அவன் செலவு, கூலி உங்க செலவுன்னு பேசி முடிங்க.

கோபி வக்கீலம்மா
பேசுங்கள், தப்பில்லை. ஆனால் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வெறுங்கையோடு போனால் மறுபடியும் பின்பக்கப் பொடி எழுத்தைத்தான் படித்துக் காட்டுவார்கள்.

நொய்யல்வாசி
திங்கட்கிழமை போகிறேன். அண்ணா, கூட ஒரு நடை வர முடியுமா?

ஈரோட்டுப் பழசு
வரேன், டீ உங்க செலவு. ஆனா கிளட்ச் தேய்மானப் பொருள்தான்னு அங்கேயும் சொல்லுவேன்.