கடலூர்ப் பக்கம் மண்கல் வீடு: புயலுக்குத் தாங்குமா?

முந்திரிக்காடு:

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே எங்களுக்கு ஐந்து சென்ட் மனை இருக்கிறது. ஆயிரம் சதுர அடிக்குள் ஒரு தரைத்தள வீடு கட்ட வேண்டும். நான் அறிவியல் ஆசிரியை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்று வகுப்பில் சமன்பாடு எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து நானூறு மூட்டை சிமெண்டுக்கான மதிப்பீட்டைப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை.

ஒப்பந்தக்காரர் தூண் எழுப்பி, பீம் போட்டு, இடையில் சிமெண்டுக் கல் வைத்து அடைப்போம் என்கிறார். சுடாமல், மண்ணோடு கொஞ்சம் சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும் மண்கல் என்று வாயைத் திறந்தாலே, "தானே புயலை மறந்துவிட்டீர்களா டீச்சர்?" என்று கேட்கிறார். அதை எப்படி மறப்பது? 2011 டிசம்பர் 30 காலையில் என் மாமனார் வீட்டுச் சமையலறையின் ஓடெல்லாம் பறந்துபோனது. அதை ஒட்டியிருந்த, மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய வகைத் தட்டைக் கூரை போட்ட கூடம் அசையவில்லை; குடும்பமே அதற்குள்தான் இருந்தது. இப்போது வாங்கியிருக்கும் மனையில் 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

அழுத்திய மண்கல் சுவர் இங்கே நிற்குமா? அந்தக் கூடத்தைப் போலவே மெட்ராஸ் டெரஸ் போட முடியுமா? மாமியாருக்கு வடாம் காயவைக்க மொட்டைமாடி வேண்டும். அதற்கு மட்டும் மேல்முறையீடு கிடையாது.

கம்பியும் கணக்கும்:

டீச்சர், கூடம் நின்றதும் சமையலறை பறந்ததும் எடையால் வந்த வித்தியாசம். நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான். காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். சென்னைக்கு இந்தியத் தரக்குறியீடு வைத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதன்படி 1,500 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. புயல் கூரையை அமுக்குவதைவிடக் கவ்வித் தூக்குவதுதான் அதிகம். ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த இழுப்பு இன்னும் கூடும். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோவைச் சுற்றித்தான் வரும். தகரமோ பத்துக் கிலோகூடக் கிடையாது. நாலு அங்குலக் கான்கிரீட் தளம் 250 கிலோ. மெட்ராஸ் டெரஸும் கனமான ஆள்தான்: தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய அச்சுக்கல்லைச் செங்குத்தாக, மூலைவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை கொட்டி, தட்டோடு பதித்தது.

அதை இன்று புதிதாகச் செய்ய ஆசைப்படாதீர்கள். தேக்கு விலை ஒருபுறம் இருக்கட்டும். சுவருக்குள் புதைந்த உத்தர முனைதான் முதலில் உளுத்துப்போகும்; கடலோர ஈரத்தில் அது கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும். உங்களுக்கு ஏற்றது ஃபில்லர் தளம். லாரி பேக்கர் கேரளத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் போட்டது. தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது. அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில், கம்பிகளுக்கு நடுவில், இரண்டிரண்டு மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போடுகிறார்கள். சிமெண்டு குறையும், ஓடுகளுக்கிடையே உள்ள காற்று வெயிலைத் தடுக்கும், மேலே வடாமும் காயும். வழக்கமான தளத்தைவிட எடை சற்றுக் குறைந்தாலும் காற்றுக்குப் போதும். சுவர் உச்சியில் ஓடும் கான்கிரீட் பெல்ட்டோடு தளத்துக் கம்பியைப் பிணைத்துவிடுங்கள்.

சுவருக்கு எந்தக் கல் என்பதில் எல்லோரும் மல்லுக்கட்டுகிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் தூண்களைத்தான் கேள்வி கேட்பேன். ஒரு தளத்துக்கு எதற்கு ஐயா தூண்? ஒன்பது அங்குலச் சுவரே சுமையைத் தாங்கும். பேஸ்மட்டம், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல், தளத்தடி ஆகிய மூன்று மட்டத்திலும் வீட்டைச் சுற்றி அறுபடாத பெல்ட், மூலைகளில் செங்குத்துக் கம்பி, அவ்வளவு போதும். சிமெண்டும் கம்பியும் கொத்தாகக் குறைவது இங்கேதான்.

மிச்சமிருக்கும் கான்கிரீட்டில் கஞ்சத்தனம் கூடாது. உப்புக்காற்று படும் கான்கிரீட்டுக்கு எம்30 என்ற வலுத் தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவரும் வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456 சொல்கிறது. வேலை நடக்கும் இடத்தில் செய்வது என்ன? ஒரு ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் சொருகி "கவர் வைத்தாயிற்று" என்பார்கள். ஆள் ஏறி மிதித்ததும் அது நழுவிவிடும். கம்பி பலகையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து வருடத்தில் சன்ஷேடின் அடியில் பழுப்புக் கோடு, பிறகு பாளம் பாளமாக உதிர்வு. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்கை நீங்களே எண்ணிப் பார்த்த பிறகு கான்கிரீட் கொட்டச் சொல்லுங்கள். சிமெண்டில் இரும்பாலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. கிடைத்தால் அதை வாங்குங்கள்: சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் கிளிங்கரும் குறைவு, உப்பையும் எளிதில் உள்ளே விடாது.

புதுவை மேஸ்திரி:

ஐயா சொன்னதில் மறுப்பு இல்லை. மண்கல் அறுத்துப் பழகியவன் என்ற முறையில் சில விஷயங்கள். ஆரோவில் மண் கட்டடக் கழகத்தார் சொல்லும் கலவையில் பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, மீதி சரளையும் வண்டலும். அதோடு 5 சதவீதம் அளவுக்குச் சிமெண்டு. உங்கள் பக்கத்து மண்ணில் ஒரு மனை வெறும் மணலாக இருக்கும், அடுத்த மனை உப்பங்கழிச் சேறாக இருக்கும். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று கோடு கோடாகப் படிந்துவிடும்.

அதைவிட முக்கியம் தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீர் வாயில் கரித்தால் கான்கிரீட்டில் ஊற்றக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கவர் எவ்வளவு வைத்தாலும் உப்பை உள்ளேயே ஊற்றிவிட்டால் பயனில்லை. கல்லைத் தை, மாசியில் அறுத்து, நாலு வாரம் ஈரம் காட்டி, ஐப்பசி மழைக்குள் தளம் போட்டுவிட வேண்டும்.

நெய்வேலிக்காரி:

நான் மாறுபடுகிறேன். அந்த மனையில் மண் சரியில்லை என்றால் பண்ணுருட்டிச் செம்மண்ணை லாரியில் கொண்டுவரச் சொல்வார்கள். யாருடைய முந்திரித் தோப்பையோ பள்ளமாக்கி நம் வீட்டைப் பசுமை வீடு என்று சொல்லிக்கொள்வதா? எங்கள் ஊரைச் சுற்றி நிலக்கரிச் சாம்பல் கல் செய்கிறார்கள், சூளையில் சுடுவதில்லை. அதை எலிப்பொறிக் கட்டில் வையுங்கள். கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் முறை. கல் கால் பங்கு மிச்சமாகும், சுவரும் சூடேறாது. எங்கள் வீடு அப்படித்தான். மின்குழாய் எங்கே போகிறது என்பதை மட்டும் கட்டும்போதே முடிவு செய்துவிடுங்கள் அக்கா. பிறகு சுவரை வெட்டினால் வெற்றிடத்தில் கை போகும். முழங்கால் தண்ணீர் நின்ற இடத்தில் ஊறினாலும் கரையாத சுவர் இருப்பது நிம்மதியும்கூட.

புதுவை மேஸ்திரி:

சிமெண்டு கலந்த மண்கல் கரையாது தங்கச்சி, ஆனால் ஊறினால் வலு குறையும், அது உண்மைதான். மண்கல்லோ சாம்பல் கல்லோ, அடியில் கருங்கல் பேஸ்மட்டம் 2024 தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இரண்டு அடியாவது ஏற வேண்டும். மனை முழுக்க மண்ணடித்து மேடாக்காதீர்கள். அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும்.

முந்திரிக்காடு:

எல்லோருக்கும் நன்றி. புட்டியில் குலுக்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட முழுதும் மணல், களி மேலே ஒரு மெல்லிய படலம்தான். ஆகவே சாம்பல் கல். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். தூண் வேண்டாம் என்றதும் ஒப்பந்தக்காரர், "நாளைக்குப் பையன் மாடி கட்டவேண்டாமா?" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

கம்பியும் கணக்கும்:

சுமைதாங்கும் சுவரின் மேல் இன்னொரு தளம் தாராளமாகக் கட்டலாம், ஆனால் அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். அடிவாரத்தின் அகலம், சுவர் போதுமா என்பது, ஃபில்லர் தளத்தின் கம்பி எல்லாம் இரண்டு தளத்துக்கும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும். எலிப்பொறிக் கட்டு என்றால் மூலைகளையும் ஜன்னல் ஓரங்களையும் வெற்றிடமில்லாமல் நிரப்பி, கம்பி விட்டுக் கட்டச் சொல்லுங்கள். மேல்சுவர் கீழ்ச்சுவரின் நேர்மேலேயே வரவேண்டும். பையன் பிற்பாடு அறையை நகர்த்த நினைத்தால் நடக்காது. அதையும் வீட்டில் சொல்லிவிட்டு, மண் பரிசோதனை அறிக்கையோடு ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடம் வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் வாய்க்கணக்கில் இதைச் செய்யக் கூடாது.